துரோகியாம்ல துரோகி!

2023 ஏப்ரல் 12. சேலத்துல ஏற்காடு எக்ஸ்பிரஸ் புடிச்சு சேப்பாக்கம் போயிருந்தேன், சென்னை - ராஜஸ்தான் ஐபிஎல் மேட்ச் பார்க்க. போனதே அஸ்வினுக்காகத்தான். சொந்த ஊரு, பழைய டீம், எதிர்ப்பக்கச் சட்டை. 30 ரன், 2 விக்கெட், ஆட்ட நாயகன் விருது. சென்னை 3 ரன்ல தோத்துச்சு. பக்கத்து சீட்டு மஞ்சச் சட்டை அண்ணன் ஆட்டம் பூரா கத்துன ஒரே வார்த்தை: "துரோகி!"

ஏண்ணா, யாரு யாருக்குத் துரோகம் பண்ணுனது? 2015 வரைக்கும் மனுசன் சென்னைக்குத்தான் ஆடுனாரு. அப்புறம் சூதாட்டப் பிரச்சினையில டீமுக்கே ரெண்டு வருசம் தடை. 2018ல திரும்பி வந்த சென்னை அவரைத் தக்கவைக்கல. ஏலத்துல பஞ்சாப் 7.6 கோடிக்கு எடுத்துச்சு. எந்த ஊருக்குப் போறேன்னு ஏலத்துல எவனாச்சும் ஆடுறவனைக் கேப்பானா?

நம்ம சின்னப்பம்பட்டி நடராஜனையே எடுத்துக்குங்க. 2017ல பஞ்சாப் 3 கோடி, 2018ல ஹைதராபாத் 40 லட்சம், 2024 நவம்பர் ஏலத்துல டெல்லி 10.75 கோடி. அவரு ஹைதராபாத்துக்கு எதிரா யார்க்கர் போட்டா அதுவும் துரோகமா?

பொட்டி தட்டுற நாம, சம்பளம் கொஞ்சம் கூடக் கிடைச்சா போட்டிக் கம்பெனிக்கே ஓடுறோம். அதுக்குப் பேரு முன்னேற்றமாம்! நாம கேட்டு மாறுறோம், அவங்கள ஏலம் மாத்துது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதே 2024 ஏலத்துல அஸ்வினைச் சென்னையே 9.75 கோடிக்குத் திரும்ப எடுத்துச்சு. குடுத்த துரோகிப் பட்டத்தை இப்ப எந்தக் கவுண்டர்ல திருப்பி வாங்குவீங்க மக்கா?

டிஸ்கி: தோத்ததுல எனக்கும் வருத்தம்தான். கடைசிப் பந்தைத் தோனி சிக்ஸருக்கு அனுப்பியிருக்கலாம்!