இரவல் ஒற்றர்

ஆசிரியன் ஒருவனை மூன்று மாதத்துக்கு வலயக் கல்விக் காரியாலயத்துக்கு 'இணைப்பு'ச் செய்வதாயின் எத்தனை தாள்கள் வேண்டும் என்பதை இவ்விதழின் வாசகருட் பலர் பட்டறிந்திருப்பர். அதிபரின் விடுவிப்புக் கடிதம், பணிப்பாளரின் கட்டளை, எத்திகதி முதல் எத்திகதி வரை என்னும் வரையறை, சம்பளம் எங்கே பெறுவது என்ற குறிப்பு, அத்தனைக்கும் நாலைந்து இடங்களுக்குப் பிரதி. தாபனக் கோவை அவ்வளவு கண்டிப்பானது. கணிதம் கற்பிப்பவனுக்கு இத்தனை காவல்! ஆனால், மக்களின் பேச்சையும் நடமாட்டத்தையும் குறித்துவைப்பதையே தொழிலாகக் கொண்ட புலனாய்வு அலுவலன் ஒருவனை வேறொரு அரசாங்கக் காரியாலயத்துக்கு இரவலாக அனுப்பினால், அதன் பிரதி எங்கே போகிறது? பாராளுமன்றத்துக்குப் போகவேண்டும் என்று விதிக்கும் சட்டம் இந்நாட்டில் இல்லை.

சபரகமுவத் தோட்டங்களில் இஃது ஏட்டுக் கேள்வியன்று. இறக்குவானையிலும் காவத்தையிலும் எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் வாழும் தொழிலாளி அரசாங்கத்தைச் சந்திப்பது காரியாலய மேசை ஒன்றின் முன்னாலேதான். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கிராம அலுவலரின் அத்தாட்சி, ஏழு பேர்ச் காணிக்கு உறுதி என்று ஒவ்வொன்றுக்கும் அந்த மேசையை நாடவேண்டும். 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைப் பறித்த நாள்தொட்டு, இம்மக்களுக்குத் தாள் என்பது உயிர்நாடி. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது உடுத்த துணியுடன் காட்டுக்குள் ஓடியவர்கள் திரும்பி வந்து முதலிலே தேடியது தாள்களைத்தான் என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அத்தாளைக் கொடுக்கும் மேசைக்கு அப்பால் ஒற்றன் உட்கார்ந்தால் என்ன ஆகும்?

2021இல் காணி உறுதி பற்றிய கூட்டமொன்றுக்கு என் பழைய மாணவர் இருவருடன் சென்றிருந்தேன். காரியாலயத்தின் பெயர் இங்கு வேண்டாம். 'அபிவிருத்தி இணைப்பாளர்' என்று அறிமுகமான ஒருவர் காணியைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டாரில்லை. ஆயிரம் ரூபாச் சம்பளம் கேட்டு 2018இல் காலிமுகத்திடலுக்குப் போன இளைஞர் உங்கள் தோட்டத்தில் எவரெவர், அவர்களின் தொலைபேசி எண் என்ன, எந்தச் சங்கம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அவர் உண்மையில் யார், எத்திணைக்களத்தில் சம்பளம் பெறுபவர் என்று என்னாற் சொல்ல இயலாது. லிகிதரைக் கேட்டேன், "மேலிடத்திலிருந்து வந்தவர், சேர்" என்றார். என் முறைப்பாடு அம்மனிதர்மீதன்று. அவர் யாரென்று கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் எவருமில்லை என்பதே என் முறைப்பாடு. பெரியகங்காணி காலத்தில், துரைக்குக் கோள் சொல்பவன் பிரட்டுக்களத்தில் எங்கே நிற்பான் என்பதையாவது தொழிலாளி அறிந்திருந்தான்.

1984இல் தேசிய புலனாய்வுப் பணியகமாகத் தோன்றிப் பின்னர் அரச புலனாய்வுச் சேவை எனப் பெயர் பூண்ட அமைப்பு, பாராளுமன்றச் சட்டத்தாற் பிறந்ததன்று. பிறப்புக்கே சட்டமில்லாதபோது இரவலுக்கு ஏது சட்டம்? 2019 ஏப்ரில் 4ஆம் நாள் இந்தியாவிலிருந்து வந்த எச்சரிக்கை அச்சேவையின் கையில் இருந்தது. 21ஆம் நாள் 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் பாராளுமன்றத் தெரிவுக்குழு விசாரிக்க முற்பட்டதும் நாட்டின் ஜனாதிபதியே குறுக்கே நின்றார். சேவையிலுள்ள அதிகாரிகளைச் சாட்சியமளிக்க விடமாட்டேன் என்றார். சாட்சியமளித்த தேசிய புலனாய்வுத் தலைவர் சில நாட்களுக்குள் பதவியிழந்தார். 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் அதே ஜனாதிபதியைப் பத்துக் கோடி ரூபாவும், புலனாய்வுச் சேவையின் முன்னாட் பணிப்பாளரை ஏழரைக் கோடி ரூபாவும் நட்டஈடாகக் கட்டப் பணித்தது. பிணங்களைப் புதைத்த பிறகு நடக்கும் மேற்பார்வை இவ்வளவுதான்.

இரவலின் முழு உருவத்தைக் காண விரும்புவோர் 2020 ஜூன் 2ஆம் நாள் வர்த்தமானியைப் புரட்டுக. ஒழுக்கமும் பண்பும் சட்டத்தை மதிக்கும் மனமும் உள்ள சமுதாயத்தை ஆக்குவதற்கென்று ஜனாதிபதி செயலணி ஒன்று. பாதுகாப்புச் செயலாளர் தலைவர். அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளரும் முப்படைப் புலனாய்வுப் பணிப்பாளரும் உறுப்பினர். அரசாங்க ஊழியர் அனைவரும் அதன் பணிப்புரைக்கு இணங்கவேண்டும். பின்னிற்பவரைப் பற்றி ஜனாதிபதிக்கு அறிக்கை போகும். ஒழுக்கம் கற்பிக்க ஒற்றர்! அந்நாளிற் கேள்வி கேட்கப் பாராளுமன்றமே இருக்கவில்லை. மார்ச் 2ஆம் நாள் கலைக்கப்பட்டது, ஆகஸ்ட் 20 வரை கூடவில்லை.

அதே ஆண்டு கொரோனாத் தொற்றாளருடன் பழகியவர்களைத் தேடப் புலனாய்வினர் சுகாதாரப் பகுதிக்கு உதவினர். அதனாற் பல உயிர் தப்பியிருக்கலாம். அதை மறுப்பது நேர்மையன்று. நோயின் பேரால் திரட்டிய அப்பெயர்ப் பட்டியல்கள் இன்று யார் பெட்டியில் இருக்கின்றன என்று கேட்பதும் நேர்மையீனம் ஆகாதல்லவா?

வல்லரசுகளும் இப்பாடத்தை அடிபட்டே கற்றன. 1971இல் அமெரிக்க வெள்ளை மாளிகையில் வேலைக்கமர்ந்த முன்னாள் உளவாளி ஹவார்ட் ஹன்ட்டுக்கு, மத்திய உளவு நிறுவனம் பொய் மயிரும் போலிப் பத்திரமும் ஒளிப்படக் கருவியும் இரவல் கொடுத்தது. வியட்நாம் யுத்த இரகசியங்களை வெளியிட்ட டானியல் எல்ஸ்பேர்க்கின் மனநோய் மருத்துவர் காரியாலயத்தை உடைக்க அவை உதவின. இவ்வகை ஊழல்கள் அம்பலமான பின்னரே 1976இல் செனட்டிலும் 1977இற் கீழ்ச்சபையிலும் நிலையான மேற்பார்வைக் குழுக்கள் அமைந்தன. அக்குழுக்களால் ஏகாதிபத்தியம் துறவு பூண்டுவிடவில்லை. ஆயினும் கேட்பதற்கு ஓரிடம் பிறந்தது.

"தேசப் பாதுகாப்பு" என்று உடனே ஒரு கூக்குரல் எழும். வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். ஒற்று வேண்டாமென்று நாமும் சொல்லவில்லை. ஒற்றனின் பெயரைச் சந்தியிலே ஒட்டும்படியும் கேட்கவில்லை. எத்தனை பேர், எந்தெந்தக் காரியாலயத்தில், எவ்வளவு காலத்துக்கு, யார் சம்பளத்தில், யார் கட்டளையின்கீழ் என்பவற்றைப் பாராளுமன்றக் குழுவொன்று, ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சமமாக இருந்து, மூடிய அறையிலாவது கேட்டறிய வேண்டும். காணி, கல்வி, சுகாதாரம், தொழில் ஆகிய காரியாலயங்களுக்கு இரவல் போவதாயின் முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். அங்கே திரட்டிய குறிப்புகளைத் தாய்த் திணைக்களத்துக்குக் கொண்டுபோவது குற்றமெனச் சட்டம் செய்யவேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்த் தோட்டத்து இளைஞர் எத்தனை பேர் விளக்கமின்றிச் சிறையில் வாடினர் என்பதை அறிந்தவர்களுக்கு, ஒரு குறிப்புப் புத்தகத்தின் வலிமை புரியும்.

என்னுடன் வந்த இருவருள் ஒருவன் அதற்குப்பின் அக்காரியாலயப் படியை மிதிக்கவில்லை. அவன் தாயின் காணி விண்ணப்பம் அரைகுறையாய் நிற்கிறது. பாதுகாப்பு அமைச்சின் செலவுத் தலைப்பு குழுநிலைக்கு வரும்போது மேற்கண்ட ஐந்து கேள்விகளையும் கேட்குமாறு எங்கள் மாவட்ட உறுப்பினர்களுக்கு ஒரு கடிதம் எழுதியுள்ளோம். எங்கள் பாடசாலையில் ஒன்பது ஆசிரியர் கையொப்பமிட்டனர், நால்வர் மறுத்தனர். மறுத்தவர்கள் சொன்ன காரணம், "பெயர் பதிவாகிவிடும்."