வெயிலைச் சேமித்தல்

மாணவர்களே, சேர்வராயன் மலையில் கதிரவன் மறைந்தபின் ஒரு பாறைமேல் அமர்ந்து பாருங்கள். காற்றுக் குளிர்ந்திருக்கும், பாறையோ வெதுவெதுப்பாக இருக்கும். பகலெல்லாம் வாங்கிய வெயிலை அஃது உடனே விட்டுவிடுவதில்லை. நம் பாட்டியர் சோற்றுப் பானையை வைக்கோலுக்குள் புதைத்துச் சூடு காத்தனர். அடுப்புத் தணலை நீற்றால் மூடி விடியற்காலைக்கு நெருப்பு வைத்திருந்தனர். அவர்களும் இந்நுட்பத்தை அறிந்தவர்களே.

ஏர்க்காடு கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் மேலே உள்ளது. பிள்ளைகள் தங்கிப் பயிலும் பள்ளிகளும் பயணிகள் விடுதிகளும் அங்கே உண்டு. மார்கழிக் காலையில் தண்ணீரைத் தொட்டால் விரல் விறைக்கும். இருநூறு மாணவர் வாழும் ஒரு விடுதியை எண்ணிக்கொள்வோம். ஒருவர்க்கு 20 லிட்டர் வெந்நீர் என்றால் 4,000 லிட்டர் வேண்டும். அதனை 20 பாகை சூடேற்ற 80,000 கிலோ கலோரி வெப்பம் தேவை. ஒரு கிலோ உலர்ந்த விறகில் ஏறத்தாழ 4,000 கிலோ கலோரி உண்டு. அதில் மூன்றில் ஒரு பங்கே நீரைச் சேரும் எனக் கொண்டால், நாள்தோறும் 60 கிலோ விறகு எரிய வேண்டும். இருநூறு நாளில் 12 டன் ஆகும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். அந்த விறகு மரத்திலிருந்தன்றி வேறெங்கிருந்து வரும்?

பெரிய கட்டடங்களுக்கு வெயில் போதுமோ எனச் சிலர் ஐயுறுவர். விழுப்புரம் மாவட்டத்து ஆரோவிலில் உள்ள பொதுச் சமையற்கூடத்தின் கூரைமேல், 15 மீட்டர் குறுக்களவுள்ள ஒரு பெரிய ஆடிக் கிண்ணம் இருக்கிறது. அது குவிக்கும் வெயில் நீராவியை உண்டாக்க, அந்நீராவியால் உணவு வேகும். ராஜஸ்தானத்து அபு ரோட்டில் 2017ஆம் ஆண்டு முதல் இயங்கும் ‘இந்தியா ஒன்’ நிலையம் இதனினும் பெரிது. ஒவ்வொன்றும் 60 சதுர மீட்டர் பரப்புள்ள 770 குழியாடிகள் அங்கே கதிரவனை நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வோர் ஆடியின் குவியத்திலும் வார்ப்பிரும்பு ஒன்று வெயிலை உண்டு கனல்கிறது. அவ்வெப்பத்தால் எழும் நீராவி ஒரு மெகாவாட் மின்னாக்கும் சுழலியைச் சுழற்றுகிறது. ஏறத்தாழ 25,000 பேர் தங்கத்தக்க ஒரு வளாகத்தின் தேவைக்கென அமைத்தது அது. கதிரவன் மறைந்தபின்னும் இயங்குவதற்காகவே இரும்பில் வெப்பத்தைச் சேமிக்கின்றனர்.

இரும்பு எதற்கு, நீர் போதாதா என்று கேட்பீர்கள். நல்ல கேள்விதான். எடைக்கு எடை பார்த்தால், ஒரு பாகை சூடேற நீர் கொள்ளும் வெப்பத்தில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கே இரும்பு கொள்ளும். ஆயினும் நீர் 100 பாகையில் கொதித்து ஆவியாகிவிடும். இரும்போ பல நூறு பாகை ஏறினும் கட்டியாகவே நிற்கும். ஸ்பெயின் நாட்டுச் செவீயாவின் அருகே 2011இல் தொடங்கிய நிலையத்தில், சோடியம் நைட்ரேட்டையும் வெடியுப்பையும் உருக்கி அதில் வெப்பத்தைச் சேர்த்து வைக்கின்றனர்.

இவற்றைக் கண்டு ஏர்க்காட்டிலும் குழியாடிகளை நிறுத்துக என்று யான் கூறேன். குவிக்கும் ஆடிக்கு நேரே விழும் வெயில் வேண்டும். மஞ்சு மலையை மூடிய நாளில் அது வெறுங் கண்ணாடியே. ஆனால் குளியல் நீருக்கு 400 பாகை எதற்கு? தட்டையான வெப்பவாங்கிப் பெட்டி பரவிய ஒளியிலும் சிறிது சூடேறும். அதனோடு கம்பளி போர்த்தியது போன்ற பெருந்தொட்டி ஒன்று இருப்பின், பிற்பகல் வெயில் மறுநாட் காலைக் குளியலுக்கு உதவும். தொட்டியைச் சிறிதாகக் கட்டிவிட்டுக் கதிரவனைக் குறை கூறுவோரைக் கண்டிருக்கிறேன். அவர்கள்மீது எனக்கு இரக்கமே உண்டு.

மின்தகடுகள் இன்று மலிந்துள்ளன, அவற்றாலேயே நீரைக் காய்ச்சலாமே என்பர். விளக்குக்கும் விசிறிக்கும் அவை சாலவும் ஏற்றன. ஆயினும் மின்தகடு தன்மேல் விழும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கையே மின்னாக்கும். நல்ல வெப்பவாங்கியோ பாதிக்கு மேலும் வெப்பமாக்கித் தரும். கூரையில் இடம் குறைந்த விடுதிக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

விறகடுப்பை இடித்துவிட வேண்டுவதில்லை. ஆரோவிலிலும் வெயிலற்ற நாளுக்கு எண்ணெயால் எரியும் கொதிகலம் ஒன்று உண்டு. ஐப்பசி மழையில் நான்கு நாள் தொடர்ந்து வானம் மூடியிருக்கும்போது, அவ்வடுப்பு அந்த நான்கு நாளைக்கு மட்டும் எரியட்டும்.