அத்தை முதலில் சிரித்த படம்

சென்ற இதழில் ஊறுகாய் ஜாடியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று எழுதியிருந்தேன். இந்தத் தடவை ஒரு சினிமாவைப் பற்றி எழுதப் போகிறேன். "உனக்கென்ன திடீரென்று சினிமாப் பைத்தியம்?" என்று கேட்காதீர்கள். சினிமாவில் ஆரம்பித்தாலும் சமையலறைக்குத்தான் வந்து சேருவேன், வேறு எங்கே போகப் போகிறேன்!

படத்தின் பெயர் 'பேசும் படம்'. 1987-இல் வந்தது. கமல்ஹாசனும் அமலாவும் நடித்தது. டைரக்டர் சிங்கீதம் சீனிவாச ராவ். பெயர்தான் பேசும் படமே தவிர, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை யாரும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். 1931-இல் 'காளிதாஸ்' வந்தபோது, தமிழில் சினிமா பேச ஆரம்பித்துவிட்டதே என்று அந்தக் காலத்து ஜனங்கள் ஆச்சரியப்பட்டார்களாம். ஐம்பத்தாறு வருஷம் கழித்து இந்த மனிதர் 'பேசும் படம்' என்று பெயர் வைத்துவிட்டு எல்லார் வாயையும் மூடிவிட்டார். என்ன குறும்பு பாருங்கள்! கன்னடத்தில் அது 'புஷ்பக விமானா', இந்தியில் 'புஷ்பக்'. பெயரை மட்டும் மாற்றினால் போதும், எந்த ஊர்க்காரருக்கும் அது அவர்கள் பாஷைப் படம்தான். குடும்பத்தோடு பார்க்கக்கூடிய நல்ல பொழுதுபோக்குப் படம் என்று தேசிய விருதும் கிடைத்தது.

நான் அதை முதலில் பார்த்தது மயிலாப்பூரில், அம்மா வீட்டில். அப்போது எனக்கு எட்டு ஒன்பது வயசு இருக்கும். ஸ்டோரில் ஏழெட்டுக் குடித்தனங்கள். எல்லாரும் பணம் போட்டு, லீவு நாளில் கலர் டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்துவருவார்கள். ஒரே ராத்திரியில் நாலு காசெட்! விடிந்ததும் கடைக்காரப் பையன் வந்து நிற்பான், அதற்குள் பார்த்து முடிக்க வேண்டும். பாதிக் காசெட்டுகள் தேய்ந்து போயிருக்கும். சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கும். காமெடிப் படம் போட்டால், "என்ன சொன்னான்? என்ன சொன்னான்?" என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்பதிலேயே அடுத்த ஜோக் போய்விடும். 'பேசும் படம்' போட்ட அன்றைக்கு மட்டும் அந்தத் தொல்லை இல்லை. தெலுங்கு மாமியும் பாலக்காட்டு மாமியும் நாங்களும் சேர்ந்தாற்போலச் சிரித்தோம்.

கதை இதுதான். வேலை கிடைக்காத பட்டதாரி ஒருவன். மொட்டைமாடி அறையில் வாசம். ஒரு நாள் தெருவில் குடித்துவிட்டு விழுந்து கிடக்கும் பணக்காரன் ஒருவனைத் தூக்கிவந்து தன் அறையில் கட்டிப் போட்டுவிட்டு, அவனுடைய ஓட்டல் அறைச் சாவியை எடுத்துக்கொண்டு பெரிய ஓட்டலில் போய் ராஜபோகமாகத் தங்கிவிடுகிறான். அந்தப் பணக்காரனைக் கொல்வதற்காக வருகிற கூலிக் கொலையாளி, ஆள் தெரியாமல் நம் ஹீரோவைத் துரத்துகிறான். அவனிடம் இருப்பது ஐஸ் கட்டியால் செய்த கத்தி! குத்தின பிறகு உருகிவிட்டால் சாட்சி ஏது? டின்னு ஆனந்த் என்ற இந்தி நடிகர் அந்த வேஷத்தில் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் கோட்டை விடுவார். இதற்கு நடுவில் மந்திரவாதியின் மகளாக அமலாவோடு ஜாடையிலேயே ஒரு காதல். (கட்டிப் போட்டவனின் 'காலைக்கடன்' சமாசாரத்தைக் கலர் காகிதம் சுற்றிப் பரிசுப் பெட்டி மாதிரி எடுத்துப் போவது ஒன்று உண்டு. சாப்பிட்டுக்கொண்டே படம் பார்க்கும் வீடுகள் முன்கூட்டியே எழுந்து கை கழுவிக்கொள்வது உத்தமம்.)

இத்தனை வருஷம் கழித்து அந்தப் படம் எங்கள் திருவான்மியூர் வீட்டுக்குள் வந்ததற்குக் காரணம் என் மாமியார்.

அத்தைக்கு எழுபத்து மூன்று வயசு. சினிமா என்றால் உயிர். ஜெயந்தி தியேட்டர் இருந்த நாளில் மத்தியான ஆட்டத்துக்குப் போய்விட்டு, வரும் வழியில் மருந்தீஸ்வரரையும் தரிசித்துவிட்டு வருகிற ரகம். அப்படிப்பட்டவர் இரண்டு வருஷமாக டி.வி. முன் உட்காருவதைக் குறைத்துக்கொண்டே வந்தார். போன தீபாவளிக்கு எல்லாரும் 'மைக்கேல் மதன காமராஜன்' பார்த்தோம். அதுவும் இதே சிங்கீதம் சீனிவாச ராவ் படம்தான், 1990-இல் வந்தது. கிரேசி மோகன் வசனம் எப்படி என்றுதான் உங்களுக்குத் தெரியுமே, ஒரு ஜோக் முடிவதற்குள் இன்னொன்று அதன் முதுகில் ஏறிவிடும். என் பிள்ளைகளும் அவர்கள் அப்பாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அத்தையும் சிரித்தார். ஆனால் முதலில் எங்கள் முகத்தைப் பார்க்கிறார், அப்புறம் சிரிக்கிறார். அரை மணியில், "தலை வலிக்குதும்மா" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

"அம்மாவுக்கு வயசாயிடுச்சு, சினிமால இஷ்டம் போயிடுச்சு" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோயில் மணி அடித்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். பஸ் ஹாரன் கேட்கிறது. வாஷிங் மெஷின் 'பீப் பீப்' என்று கத்துவது மட்டும் கேட்கவில்லை. பேரன் குரல் பாதி புரிகிறது, பேத்தியின் கீச்சுக்குரல் புரிவதே இல்லை. காதைச் சோதித்துப் பார்க்கலாமா என்று மெதுவாக ஆரம்பித்தேன். வந்ததே கோபம்! "எனக்கென்ன செவிடா? நீங்கல்லாம் வாய்க்குள்ளயே பேசினா எப்படிக் கேக்கும்?" அதோடு அந்தப் பேச்சு நின்றது.

பரண் சுத்தம் பண்ணும்போது பழைய டி.வி.டி. டப்பாவில் 'பேசும் படம்' கிடைத்தது. பிளேயரைத் துடைத்து மாட்டினால், புண்ணியமாக ஓடியது. "அத்தை, ஒரு பத்து நிமிஷம் பாருங்க, பிடிக்கலேன்னா எழுந்து போயிடுங்க" என்று கூப்பிட்டேன். பிள்ளைகளிடம் படத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

பத்து நிமிஷம் இரண்டு மணி நேரமாயிற்று. வேலைக்கு மனுப் போட நிற்கிற நீளமான க்யூவைப் பார்த்ததும் அத்தை 'களுக்' என்று சிரித்தார். அவர் சிரித்த பிறகுதான் நாங்கள் சிரித்தோம். என் பையன் செல்போனையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவன், "பாட்டி, என்ன ஆச்சு?" என்று கேட்டான். "ஒழுங்கா பாருடா! கண்ணை எடுத்தா போச்சு" என்று அதட்டினார். கண்ணை எடுத்தால் நிஜமாகவே போச்சு. சமையலறையிலிருந்து வசனத்தைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்கும் வேலையெல்லாம் இந்தப் படத்தில் நடக்காது. நான் மாவு கரைப்பதை நாளைக்குத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஊமைப் படம் என்று நினைத்துவிடாதீர்கள். எல். வைத்தியநாதனின் இசை உண்டு, தெருச் சத்தம் உண்டு. சொல்லப் போனால் சத்தத்தை வைத்தே ஒரு அருமையான காட்சி இருக்கிறது. ஹீரோவின் மொட்டைமாடி அறைக்குப் பக்கத்தில் ஒரு சினிமா தியேட்டர். தினமும் ராத்திரி அந்த அடிதடிச் சத்தத்தில்தான் தூங்குவான். ஓட்டலுக்கு வந்தால் மெத்தை இருக்கிறது, குளுகுளு அறை இருக்கிறது, தூக்கம் மட்டும் வரவில்லை. அவ்வளவு நிசப்தம்! பழைய இடத்துக்கே போய் அந்தச் சத்தத்தை டேப்பில் பதிவு செய்துகொண்டு வந்து, அதைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறான்.

நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். அத்தை சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, சாதாரணமாகப் பால் கணக்குச் சொல்வது போலச் சொன்னார்: "எனக்கு இப்பல்லாம் கடுகு வெடிக்கிறது கேக்கறதில்லம்மா. கண்ணால பார்த்துத்தான் கருவேப்பிலை போடறேன். ரெண்டு தரம் தீஞ்சு போச்சு, உனக்குத் தெரியாம கொட்டிட்டு மறுபடி தாளிச்சேன்."

அம்பது வருஷம் தாளித்த கை. அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் கடுகு படபடவென்று வெடிப்பது அடங்கியதும் திரும்பிக் கருவேப்பிலையைப் போடுபவர். எனக்குத் தொண்டையை அடைத்தது. என் வீட்டுக்காரர் படத்தை நிறுத்தப் போனார். "ஏன்டா நிறுத்தறே? போடு!" என்றார் அத்தை.

அடுத்த வாரம் அவரே டாக்டரிடம் கிளம்பினார். காது, மூக்கு, தொண்டை டாக்டர் முதலில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்த்தார். வயசானவர்களுக்குச் சில சமயம் வெறும் குறும்பி அடைப்பினாலேயே காது மந்தமாவது உண்டாம். வீட்டில் ஹேர்பின், பட்ஸ் விட்டுக் குடைவதும் காய்ச்சின எண்ணெய் ஊற்றுவதும் வேண்டவே வேண்டாம் என்றார். அத்தைக்கு அடைப்பு எதுவும் இல்லை. பிறகு சத்தம் நுழையாத சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். வலியா, ஊசியா, ஒன்றும் கிடையாது.

அதைக் கோடாகப் போட்டுக் காட்டினார்கள். மேளம், மணி போன்ற கனமான சத்தங்கள் ஓரளவு நன்றாகவே கேட்கின்றன. மெல்லிய, கூர்மையான சத்தங்கள் வர வரக் கோடு சரிந்து விழுகிறது. வயசான காதில் முதலில் போவது அதுதானாம். பேச்சில் அ, ஆ, ஓ எல்லாம் கனமான சத்தங்கள். ச, த, ப போன்றவை மெல்லியவை. அதனால் யாரோ பேசுவது கேட்கும், என்ன வார்த்தை என்று பிரியாது. பட்டா, தட்டா, சட்டா? அத்தை "வாய்க்குள்ளயே பேசறீங்க" என்றது வீம்பு இல்லை, அவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது! கிரேசி மோகன் வசனத்தில் ஒரு எழுத்து போனால் ஜோக்கே போய்விடும், பாவம்.

அங்கே சொன்னதில் வீட்டில் உடனே செய்யக்கூடியவற்றை எழுதுகிறேன். கத்திப் பேசுவதால் பிரயோஜனமில்லை. மெல்லிசாகக் கேட்காத அதே காதுக்குக் கத்தினால் நாராசமாக இருக்கும், வார்த்தையும் தெளிவாகாது. எதிரே வந்து, முகத்தில் வெளிச்சம் படும்படி நின்று, நிதானமாகப் பேச வேண்டும். சமையலறையிலிருந்து கூடத்துக்குக் குரல் கொடுப்பதை நாங்கள் நிறுத்திவிட்டோம். மிக்ஸி ஓடும்போது பேச்சே கூடாது. ஒரு தடவை புரியவில்லையென்றால் அதையே மூன்று தடவை சொல்லாமல் வேறு வார்த்தை போட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று சொல்வது மட்டும் கூடவே கூடாது. காது கேட்காதவர்களை அதைவிட நோகடிக்கிற வார்த்தை வேறில்லையாம்.

இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கினோம். விலையைக் கேட்டு மலைத்துப் போனது உண்மைதான். வசதி குறைந்த குடும்பத்து முதியவர்களுக்கு 2017-இல் ஆரம்பித்த 'ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா' என்ற மத்திய அரசுத் திட்டத்தில் காது மெஷினும் அடக்கம். தமிழக அரசின் மாற்றுத் திறனாளிகள் நலத்துறையும் காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷினை இலவசமாகத் தருகிறது. தேவைப்படுகிறவர்கள் விசாரித்துப் பாருங்கள்.

மாட்டின அன்றே எல்லாம் சரியாகிவிடாது. முதல் வாரம் அத்தைக்குத் தட்டு வைத்தால் இடி, குழாய் திறந்தால் அருவி, தன் குரலே வேறு யாரோ பேசுவது மாதிரி! கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிட்டார். முதலில் வீட்டு அமைதியில் இரண்டு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக என்று பழக்கினோம். ஒன்றரை மாசம் பிடித்தது. கடுகு கேட்கிறதா என்று நான் கேட்கவில்லை. ஒரு நாள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர், வாணலிப் பக்கம் பார்க்காமலே, "வெடிச்சுடுச்சு, போடு போடு" என்றார்.

'மைக்கேல் மதன காமராஜ'னை இப்போது நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறோம். புரியாத இடத்தில் அத்தை கையைத் தூக்குவார், பேத்தி நிறுத்திச் சொல்லுவாள். முன்பு நூறு சிரிப்பு என்றால் இப்போது எழுபதாவது தேறுகிறது.

'பேசும் படம்' மட்டும் நிறுத்தாமல் மூன்று தடவை ஓடிவிட்டது. கடைசிக் காட்சியில் வீட்டில் ஒரு சண்டை இன்னும் தீரவில்லை. ஊரை விட்டுப் போகிற அமலா, ஒரு சீட்டில் விலாசத்தை எழுதி ரோஜாப்பூவில் சுற்றிக் காரிலிருந்து எறிகிறாள். பூ அவன் கைக்கு வருகிறது. சீட்டு காற்றில் பறந்து சாக்கடையில் விழுந்துவிடுகிறது. விலாசம் போய்விட்டதே என்று என் பெண் அழுகிறாள். அதுதான் நல்ல முடிவு என்கிறான் பையன். அத்தைக்கு இரண்டு கட்சியும் பிடிக்கவில்லை. "காரை நிறுத்தச் சொல்லிக் கையில குடுத்துட்டுப் போயிருக்கலாமில்ல? அப்படி என்ன அவசரம் அந்தப் பொண்ணுக்கு?" என்கிறார்.