கதைப் புத்தகம் படிப்பைக் கெடுப்பதில்லை

பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போனதும் நம் வீடுகளில் கேபிள் இணைப்பைத் துண்டிப்பார்கள், கதைப் புத்தகங்களைப் பரணில் ஏற்றுவார்கள். கேபிளுக்காக நான் வாதாட வரவில்லை. புத்தகங்களைப் பரணில் ஏற்றுவது பெரிய கெடுதல். அதைச் செய்கிறவர்கள் பிள்ளைமேல் உயிரையே வைத்திருக்கிறார்கள், அதனால்தான் இதைப் பேசியே ஆக வேண்டும். ‘கதைப் புத்தகம் படிச்சா பாடம் மண்டையில ஏறாது’ என்று பெற்றோர் சொன்னார்கள், வாத்தியார் சொன்னார், அத்தை சொன்னாள். கேட்டு வளர்ந்தவர்கள் இப்போது தம் பிள்ளைகளிடம் சொல்கிறார்கள். யாரும் சோதித்துப் பார்க்காமலே அது வேதவாக்காகிவிட்டது.

நான் அம்புலிமாமாவில் படிக்கத் தொடங்கியவள். 1947 ஜூலையில் சென்னையில் பிறந்த அந்தப் பத்திரிகையில், விக்கிரமாதித்தன் உருவிய வாளோடு தோளில் பிணத்தைச் சுமந்து மயானத்தில் நடக்கும் ஷங்கரின் ஓவியத்தை என் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். படம் நினைவிருக்கிறது, கதை எப்படி அமைந்திருந்தது என்பதுதான் மறந்துபோகிறது. வேதாளம் ஒரு கதை சொல்லும். அதில் ஆளுக்கொரு விதமாக நடந்துகொள்வார்கள். யார் செய்தது நியாயம், பழி யாரைச் சேரும் என்று கடைசியில் கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும். வாய் திறந்தாலோ மௌனம் கலைந்து வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிக்கொள்ளும். அரசன் பதில் சொல்லும் இடம் வந்ததும் என் அக்கா உள்ளங்கையால் மீதிப் பக்கத்தை மறைத்துக்கொண்டு, ‘நீ சொல்லுடி, யார் மேல தப்பு?’ என்பாள். பெயரை மட்டும் சொன்னால் விடமாட்டாள், காரணமும் சொல்ல வேண்டும். ஒரு வழக்கின் இரண்டு பக்கத்தையும் எடைபோட நான் பழகியது அந்தத் திண்ணையில்தான். பள்ளியில் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் கோடிட்ட இடம்.

1972ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. முதல் இதழே இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். பெரியவர்கள் அதிகம் வெறுத்தது காமிக்ஸைத்தான். பொம்மை பார்ப்பதெல்லாம் படிப்பா என்று கேட்டார்கள். அவர்கள் ஒரு பக்கத்தையாவது நிதானமாகப் பார்த்திருக்க வேண்டும். ஒரு கட்டத்தில் கை கதவை நெருங்கும், அடுத்த கட்டத்தில் காவலாளி தரையில் கிடப்பான். இரண்டுக்கும் நடுவே நடந்ததை எழுத்தும் சொல்லாது, படமும் காட்டாது. படிக்கிற பிள்ளைதான் அதைத் தன் மனத்தில் நடத்திப் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊரில் புத்தகங்களை வாடகைக்குக் கொடுத்த கடையில் தொடர்கதைகள் பைண்டாகத்தான் கிடைக்கும். வார இதழிலிருந்து கிழித்த தாள்களை அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, மைதாப் பசை தடவி, பழைய காலண்டர் அட்டை போட்டிருப்பார்கள். சாண்டில்யனின் கடல் புறாவை அப்படித்தான் படித்தேன். தையல் அமுக்கியதில் வரிகளின் முதல் இரண்டெழுத்து உள்ளே போயிருக்கும், ஊகித்துத்தான் படிக்க வேண்டும். நடுவில் ஒரு வாரத்துத் தாள் காணாமல் போயிருந்தால், முந்தைய வாரத்தையும் பிந்தைய வாரத்தையும் வைத்து நாங்களே அந்த அத்தியாயத்தைக் கட்டிக்கொள்வோம். பின்பக்கத்தில் தைல விளம்பரமோ பாதியில் வெட்டுப்பட்ட கட்டுரையோ இருந்தால் அதையும் விட்டதில்லை. கலிங்கமும் கடாரமும் ஸ்ரீவிஜயமும் எனக்கு அந்தப் பைண்டில்தான் முதலில் அறிமுகமாயின. நாவல் வரலாறாகிவிடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் வகுப்பில் சோழர் பாடம் வந்தபோது, மற்றவர்கள் உருப்போட்ட ஊர்களுக்கு நான் ஏற்கெனவே கப்பலில் போய் வந்திருந்தேன்.

ஒருத்தியின் அனுபவம் எல்லாருக்கும் பொருந்துமா என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். 1988ல் ஹேய்ஸ், அஹ்ரென்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஆங்கிலப் பேச்சிலும் எழுத்திலும் ஆயிரம் சொல்லுக்கு எத்தனை அரிய சொற்கள் வருகின்றன என்று எண்ணிப் பார்த்தார்கள். படித்த பெரியவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதில் சுமார் 17. குழந்தைகளுக்கான புத்தகங்களில் சுமார் 31. காமிக்ஸில் 53! அந்த எண்களை அப்படியே தமிழுக்குப் பொருத்த முடியாது. ஆனால் பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இருக்கிற தூரத்தை நினைத்தால், படிக்காத தமிழ்ப் பிள்ளை இழப்பது குறைவாக இருக்க வழியில்லை.

படிக்கிற பிள்ளை இயல்பிலேயே கெட்டிக்காரப் பிள்ளை, புத்தகத்துக்கு அதில் என்ன பங்கு என்பார்கள் சிலர். பிரிட்டனில் 1970ல் ஒரே வாரத்தில் பிறந்த பிள்ளைகளைப் பல்லாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். அந்தத் தரவுகளை ஆலிஸ் சல்லிவன், மாட் பிரவுன் இருவரும் ஆராய்ந்து 2013ல் வெளியிட்டார்கள். பெற்றோரின் படிப்பு, குடும்பப் பின்னணி, பிள்ளை முன்பு எடுத்த மதிப்பெண் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும், ஆசைக்காகப் படித்த பிள்ளைகள் 10 வயதுக்கும் 16 வயதுக்கும் இடையில் சொல்வளத்திலும் எழுத்துக்கூட்டலிலும் கணக்கிலும் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள்.

கணக்கிலுமா என்று வியக்க ஒன்றுமில்லை. ‘ஒரு தொட்டியை இரண்டு குழாய்கள் சேர்ந்து 6 மணி நேரத்தில் நிரப்பும். அவற்றுள் ஒன்று தனியாக நிரப்ப மற்றதைவிட 5 மணி நேரம் கூடுதலாகும்’ என்று தொடங்கும் வினாவை எடுத்துக்கொள்ளுங்கள். இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கத் தெரிந்த பிள்ளைகள்கூட இதில் தடுக்கி விழுகிறார்கள். எது எதைவிடக் கூடுதல் என்பதை வாக்கியத்திலிருந்து பிரித்தெடுக்க அவர்களுக்குப் பழக்கமில்லை. கதை படிக்கும் பிள்ளை பக்கத்துக்குப் பக்கம் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

பழியைப் புத்தகத்தின்மேல் போட்டதில் நாம் தனி இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம் 1954ல் ஒரு நூல் எழுதி, பிள்ளைகள் கெட்டுப்போகக் காமிக்ஸே காரணம் என்றார். செனட் குழு விசாரித்தது, பதிப்பாளர்கள் பயந்து தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதி வகுத்துக்கொண்டார்கள். அவருடைய காகிதங்கள் 2010ல் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. நூலகவியல் ஆய்வாளர் கேரல் டில்லி அவற்றை நூலோடு ஒப்பிட்டு, பிள்ளைகள் சொன்னதை வெர்தாம் பல இடங்களில் மாற்றியும் வெட்டியும் ஒட்டியும் எழுதியிருந்ததைக் காட்டினார். அந்தப் பிள்ளைகளின் வீட்டு வறுமையையும் அடி உதையையும் யாரும் விசாரிக்கவில்லை, காமிக்ஸைத்தான் பிடித்தார்கள். நம் ஊரிலும் மதிப்பெண் குறைந்தால் முதலில் கதைப் புத்தகத்தைத்தான் பிடிக்கிறோம். புரியாமல் நடத்திய பாடத்தையும் காலை ஐந்து மணி டியூஷனையும் கேட்பதில்லை.

நூலகத்துக்காக வாழ்நாளைக் கொடுத்த சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு நடத்தியவர். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பதை 1931ல் அவர் விதியாகவே எழுதி வைத்தார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் 1948ல் இங்கேதான் பிறந்தது, இன்றும் சொத்து வரியோடு நூலக வரி கட்டுகிறோம். அப்படிப்பட்ட மாநிலத்தில் எத்தனையோ பள்ளிகளில் புத்தகம் பூட்டிய பீரோவுக்குள் கிடக்கிறது. சாவி வைத்திருக்கும் ஆசிரியரைத் திட்டிப் பயனில்லை. ஒரு புத்தகம் தொலைந்தால் இருப்புப் பதிவேட்டுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும், பணமும் அவர் கையிலிருந்து போகுமோ என்ற பயம். கிழிந்ததையும் தொலைந்ததையும் கேள்வியில்லாமல் கழித்து எழுத அவருக்கு அதிகாரம் கொடுங்கள், பீரோ தானாகத் திறக்கும். பத்தாம் வகுப்பு அட்டவணையில் நூலகம் என்று போட்டுவிட்டு அந்த வேளையில் கணக்கு நடத்துவதை நிறுத்துங்கள். வீட்டில் இருப்பவர்கள் பொதுத்தேர்வு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், பரணில் உள்ளதை இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்கி, தூசி தட்டி, பிள்ளையின் கை எட்டும் இடத்தில் வையுங்கள். எதை எடுக்கிறது என்று நின்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.