போர்ட் ஒயின் யாருக்கு?

மார்கழிக் கோலத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், எதிர் வீட்டு ஆன்ட்டி தட்டோடு நிற்பார். குல்குல், பிளம் கேக், இரண்டு துண்டு டின் சீஸ். எங்கள் ராயபுரத்தில் இது வருஷா வருஷம் நடக்கிற வழக்கம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ஊரல்லவா? ரயிலையும் துறைமுகத்தையும் நம்பி வந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இங்கே உண்டு. ஆன்ட்டியின் கணவரும் கப்பலில் பரிமாறும் வேலை பார்த்தவர்தான்.

என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த வருஷம் அது. குழந்தைக்குப் பன்னிரண்டாம் நாள். பார்க்க வந்த சம்பந்தியம்மா பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார்.

"போர்ட் ஒயின். ராத்திரியிலே ரெண்டு மூடி கொடுங்க. ரத்தம் ஊறும்."

மகளோ வெளுத்துக் கிடந்தாள். சம்பந்தி பேச்சை எப்படித் தட்டுவது? கொடுத்துத்தான் பார்ப்போமே என்றுகூட எனக்குத் தோன்றிவிட்டது. நல்லவேளை, ஆன்ட்டி அன்று தட்டோடு வந்தார். பாட்டிலைப் பார்த்ததும் என்னை அடுப்பங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"இது சீஸோட வைக்கிறதும்மா. பிள்ளை பெத்தவளுக்கு இல்ல!"

விவரம் அப்போதுதான் தெரிந்தது. திராட்சைச் சாறு புளித்துக்கொண்டிருக்கும்போதே அதில் திராட்சைச் சாராயத்தை ஊற்றிவிடுவார்களாம். புளிப்பது நின்று, இனிப்பு அப்படியே தங்கிவிடும். சாதாரண ஒயினில் சாராயம் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதிமூன்று பங்கு என்றால், போர்ட்டில் இருபது! இனிப்பாக இருப்பதால் டானிக் என்று நினைத்து ஏமாறுகிறோம்.

சர்க்கரைப் பொங்கலில் சிட்டிகை உப்பு போடுகிறோமே, அதே கணக்குதான் சீஸிலும். உப்புக் கரிக்கும் நீலப்பூசண சீஸுக்கு இனிப்பான போர்ட். ஸ்பெயின் நாட்டு ஆட்டுப்பால் சீஸுக்கு இனிப்பில்லாத ஷெர்ரி. நாள்பட்ட கெட்டி சீஸுக்கு மதீரா. அந்த மதீராவுக்கு நம் பக்கத்துத் தொடர்பும் உண்டு. இந்தியாவுக்கு வந்த கப்பல்களின் அடித்தட்டு வெப்பத்தில் பீப்பாய்க்குள் வெந்துதான் அதற்கு ருசி கூடியது என்று அந்தக் காலத்திலேயே கண்டுகொண்டார்கள்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போனோம். ரத்தம் எட்டு கிராம்தான் இருந்தது. "ஒயின்ல ரத்தம் ஊறாது. தாய் குடிச்சா பால்ல சாராயம் கலக்கும், அது குழந்தைக்குத்தான் போகும்" என்று கண்டித்து, இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையோடு காபி, டீ, பால் கூடாது. எலுமிச்சைச் சாறு நல்லது. கூடவே கீரை, பேரீச்சை, ஒத்துக்கொள்பவர்களுக்கு ஈரல்.

சம்பந்தியம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "எனக்கு என் மாமியார் கொடுத்தாங்களே, உங்க மாப்பிள்ளை நல்லாத்தானே இருக்கான்?" என்றார். "நீங்க அக்கறையாத்தான் கொண்டு வந்தீங்க அண்ணி. அந்தக் காலத்திலே இதெல்லாம் யார் சொன்னாங்க?" என்று சொல்லி, ஆன்ட்டி கொடுத்த இஞ்சி ஒயினை ஒரு தம்ளர் நீட்டினேன். பெயர்தான் ஒயின், சாராயம் துளியும் கிடையாது.

நீங்களும் செய்யலாம். 100 கிராம் இஞ்சியைத் தட்டி, நான்கு கிராம்பு, சிறு பட்டையோடு ஒரு லிட்டர் தண்ணீரில் இருபது நிமிஷம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். 400 கிராம் சர்க்கரையில் இரண்டு ஸ்பூனை நிறத்துக்காகக் கருக்கி, மீதியோடு சேர்த்துக் கரையுங்கள். ஆறியபின் இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்து ஃபிரிட்ஜில் வையுங்கள். தண்ணீர் கலந்து, டின் சீஸோடு கொடுத்தால் காரமும் உப்பும் ஜோராகச் சேரும். சர்க்கரை நோயாளிகளுக்கு வேண்டாம். ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்தால் அது மது. 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் செய்யக்கூடாது.

கர்ப்பிணிகள் நீலப்பூசண சீஸையும், காய்ச்சாத பாலில் செய்த மெத்தென்ற சீஸையும் தொடாதீர்கள்; கிருமி பயம் உண்டு.

மூன்று மாதத்தில் மகளுக்கு ரத்தம் பதினொன்றாக ஏறியது. சம்பந்தியம்மாதான் இப்போது எல்லோரிடமும் சொல்கிறார்: "பிள்ளை பெத்தவளுக்கு ஒயின் கொடுக்காதீங்க!"