துப்பாக்கியில் ஒளிந்த ஊர்ப் பெயர்கள்

1943இல் செய்த ஜெர்மன் ராணுவப் பிஸ்டல் ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஸ்லைடின் இடப்பக்கம் ‘பி.38’ என்ற வகைப்பெயர் இருக்கும். கூடவே ஒரு வரிசை எண், ‘ஏசி 43’ என்ற குறி. செய்த கம்பெனியின் பெயரை எங்கே தேடினாலும் கிடைக்காது. இதே பி.38இன் தொடக்ககாலத் துப்பாக்கிகளில் வால்தர் கம்பெனி தன் பெயரைக் கொடிபோன்ற சின்னத்துக்குள் பெருமையாகப் பொறித்திருந்தது. 1940இல் அதை எடுத்துவிட்டு 480 என்று பொறித்தார்கள். அதே ஆண்டிலேயே அந்த எண்ணும் போய் ‘ஏசி’ வந்தது.

எதிரியின் கையில் சிக்கும் துப்பாக்கி, எந்த ஆலை எந்த ஊரில் என்ன செய்கிறது என்று சொல்லிவிடக்கூடாது. குண்டுவீச வரும் விமானத்துக்கு விலாசம் கிடைக்கக்கூடாது. அதற்காகவே ராணுவத் தளவாடத் துறை ஒவ்வொரு ஆலைக்கும் ரகசிய எழுத்துகளை ஒதுக்கியது. ‘ஏசி’ என்றால் துரிங்கியா மாநிலத்தின் ஸெல்லா-மேஹ்லிஸ் ஊரில் இருந்த வால்தர். ‘பிஒய்எஃப்’ என்றால் ஓபெர்ன்டார்ஃப் ஊரின் மவுசர். 1945இல் அது ‘எஸ்விடபிள்யூ’ ஆயிற்று. ‘சிஒய்கியூ’ என்றால் ஸ்ப்ரேவெர்க்.

இந்த ‘சிஒய்கியூ’வில் சேகரிப்பாளர்களைக் குழப்பிய விஷயம் ஒன்று உண்டு. சில துப்பாக்கிகளில் அது ‘சிவிகியூ’ என்று தெரியும். இன்னொரு ரகசிய ஆலையோ என்று தோன்றும். உண்மையில் முத்திரை அச்சில் ‘ஒய்’ எழுத்தின் வால் உடைந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். போரின் கடைசிக் கட்டத்தில், தேய்ந்த அச்சை மாற்றக்கூட நிற்காமல் ஆலையை ஓட்டியிருக்கிறார்கள். அந்தத் துப்பாக்கிகளின் கரடுமுரடான மேற்பரப்பும் அதையேதான் சொல்கிறது.

எழுத்துகளோடு கழுகு முத்திரையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பரிசோதகர் ஏற்றுக்கொண்ட பாகத்தில் சிறு கழுகும் அதனடியில் ஓர் எண்ணும் இருக்கும். வால்தருக்கு 359, மவுசருக்கு 135, ஸ்ப்ரேவெர்க்குக்கு 88. ஒரே துப்பாக்கியில் 140 என்ற எண்ணும் தலைகாட்டினால், அந்தப் பாகம் ஆக்கிரமிக்கப்பட்ட பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலையில் இருந்து வந்தது. ஜெர்மன் துப்பாக்கி என்று நாம் சொல்வதில் பெல்ஜிய இரும்பும் கலந்திருக்கிறது. கழுகு இருந்தால் விலை ஏறும் என்பதால் பின்னாளில் பொய்க் கழுகு அடித்தவர்களும் உண்டு. எனவே முத்திரை மட்டும் போதாது. வரிசை எண், மேற்பூச்சு, பாகங்களின் பொருத்தம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும்.

எனக்கு இதில் மனம் நிற்பது வேறு இடத்தில். போலந்தின் ராடோம் ஆலையில் செய்த விஸ் பிஸ்டலில், போருக்கு முன் போலந்தின் முடிசூடிய கழுகு இருந்தது. 1939க்குப் பிறகு அது காணாமல் போயிற்று. ஜெர்மன் பரிசோதகரின் கழுகு வந்து உட்கார்ந்தது. அந்தத் துப்பாக்கியின் குழலை மட்டும் ராடோமில் செய்ய விடவில்லை. ஆஸ்திரியாவின் ஸ்டையர் ஆலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ராடோம் தொழிலாளர்கள் பாகங்களைக் கடத்தி விடுதலைப் படைக்கு முழுத் துப்பாக்கியாகக் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம். பயத்துக்குக் காரணம் இருந்தது. அவர்கள் கடத்தத்தான் செய்தார்கள். 1942 அக்டோபரில் அதற்காக அந்த ஊரில் பலரைப் பொது இடத்தில் தூக்கிலிட்டார்கள்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் ஸூல் நகரத்தின் ஸிம்ஸன் கம்பெனி வரும். 1920களில் லூகர் பிஸ்டலின் மேல் ‘ஸிம்ஸன் அண்டு கோ, ஸூல்’ என்று முழுப்பெயர் இருக்கும். முதல் உலகப்போர் முடிந்து வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மன் ராணுவத்தை ஒரு லட்சம் பேருக்குள் அடக்கியிருந்த காலம் அது. அந்தச் சிறு ராணுவத்துக்குத் துப்பாக்கி செய்துகொடுத்தது இந்தக் கம்பெனியை வைத்திருந்த யூதக் குடும்பம். துரிங்கியாவின் நாஜித் தலைவர் ஃப்ரிட்ஸ் ஸாவ்கெல் அவர்களிடமிருந்து ஆலையைப் பறித்தார். குடும்பம் நாட்டைவிட்டு ஓடியது. ஆலைக்கு குஸ்ட்லோஃப் என்ற நாஜிக் கட்சிக்காரரின் பெயரை வைத்தார்கள். பிறகு அந்தப் பெயரும் ரகசிய எழுத்துகளுக்குள் மறைந்தது. திருட்டுக்கு மேல் இரண்டு திரைகள்.

1942இல் அதே ஸாவ்கெல்லிடம்தான் ஆக்கிரமித்த நாடுகளிலிருந்து லட்சக்கணக்கானவர்களை இழுத்துவந்து ஜெர்மன் ஆலைகளில் நிறுத்தும் பொறுப்பு போனது. ஸ்ப்ரேவெர்க் தன் பிஸ்டல்களைச் செய்தது பெர்லினில் அல்ல, க்ரோட்டாவ் என்ற ஊரில். அது இன்று செக் நாட்டில் இருக்கிறது. அங்கேயும் கட்டாயத் தொழிலாளர்கள்தான் வேலை செய்தார்கள். ஹாம்பர்க் அருகே நொயெங்காமே வதைமுகாமிலேயே வால்தருக்கு ஓர் ஆலை இருந்தது. கைதிகள் அதில் ராணுவத் துப்பாக்கிகளுக்கு உழைத்தார்கள்.

சேகரிப்பாளர்களின் அறிவை நான் மதிக்கிறேன். எழுத்துகளின் முடிச்சை அவிழ்த்து வைத்தவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். ஆனால் அவர்கள் அட்டவணை கம்பெனிப் பெயரோடு நின்றுவிடுகிறது, அரிதா மலிவா என்ற கணக்கோடு முடிந்துவிடுகிறது. அருங்காட்சியகங்களாவது அப்படி நிற்கக்கூடாது. ‘சிஒய்கியூ’ துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டையில் ஸ்ப்ரேவெர்க் என்று எழுதுவதோடு க்ரோட்டாவையும் எழுதுங்கள், அங்கே வேலைக்கு நிறுத்தப்பட்டவர்கள் யார் என்பதையும் எழுதுங்கள். அதற்கு இன்னும் இரண்டு வரி போதும்.