மரை கழண்ட கதை

"அவன் மரை கழண்ட கேஸுடா"ன்னு நாம எத்தனை பேரைச் சொல்லியிருப்போம். போன மாசம் நிஜமாவே மரை கழண்டுச்சு. எனக்கு இல்லீங்க, என் வண்டிக்கு. (வீட்டுல அபிப்பிராயம் வேற. அதை விடுங்க :-))

வண்டி அப்பாவோட 1998 மாடல் ஸ்ப்ளெண்டர். ரிட்டயர் ஆகுற வரைக்கும் அவர் ஆபீசுக்குப் போன வண்டி. "வித்துடலாம்பா"ன்னு ஒரு தடவை சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டதுக்கு அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கறதில்லை. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ஸ்டார்ட் ஆகலை. நாமதான் பெரிய இஞ்சினியராச்சே! பிளக்கைக் கழட்டி, கரியைத் தேச்சு, திரும்ப மாட்டினேன். நல்லா டைட் ஆயிடுச்சு. அங்கயே நிறுத்தியிருக்கணும். "எதுக்கும் இருக்கட்டும், இன்னொரு சுத்து"ன்னு ஸ்பேனரை அழுத்தினேன். திடீர்னு கை லேசாயிடுச்சு. அந்த லேசை ஒரு தடவை அனுபவிச்சவங்களுக்கு வயித்துல புளி கரைக்கறதுன்னா என்னன்னு தெரியும். பிளக் சும்மா சுத்துது. ஹெட்ல மரை போச்சு.

முதல் மெக்கானிக் பார்த்த உடனே தீர்ப்பு சொல்லிட்டார். "ஹெட் மாத்திடுங்க சார், இதெல்லாம் ஒட்டுப் போட்டா நிக்காது." இரண்டாமவர் இன்னும் ஒரு படி மேல. பிளக்கைச் சுத்தி எபாக்ஸி பசை வச்சு ஒட்டித் தர்றேன்னார். எரியற அறைக்குப் பக்கத்துல பசையா? கும்பிடு போட்டுட்டு வந்துட்டேன்.

இந்தப் பதிவு அந்த முதல் தீர்ப்பைப் பத்தித்தான். மரை போனா ஹெட்டை மாத்தணும்ங்கறது பெரும்பாலும் தேவையில்லாத செலவு. ஒழுங்காப் புஷ் போட்ட ஓட்டை, பழசை விட உறுதியா இருக்கும். இதை நான் சும்மா சொல்லலை.

ஹெட் அலுமினியம், பிளக்கோட உடம்பு இரும்பு. ரெண்டும் மோதினா எது தோக்கும்னு சொல்லத் தேவையில்லை. ஹெலிகாயில் போடும்போதோ, லேத்துல கடைஞ்ச புஷ் போடும்போதோ என்ன நடக்குது? ஓட்டையைப் பெருசாக்கி, அதுல புது மரை வெட்டி, எவர்சில்வர் கம்பிச்சுருளையோ உலோகப் புஷ்ஷையோ உள்ளே இறக்கறாங்க. இனிமே பிளக் கழட்டி மாட்டும்போது தேயறது அலுமினியம் இல்லை, அந்தப் புஷ்தான். அலுமினியத்துல இருக்கற மரையும் முன்னை விட விட்டம் பெருசு, அதனால பிடிப்பும் ஜாஸ்தி.

ஒட்டு வேலைன்னு இன்னும் சந்தேகமா? செஸ்னா 172 மாதிரி குட்டி விமானங்கள்ல வர்ற லைகமிங் எஞ்சின்ல, பிளக் ஓட்டைக்குள்ள ஃபேக்டரியிலயே ஹெலிகாயில் போட்டுத்தான் அனுப்பறாங்க. ஆகாசத்துல பறக்கறவனுக்கு ஆகும்னா, காந்திபுரம் சிக்னல்ல நிக்கற நமக்கு ஆகாதா?

கோயமுத்தூர்ல லேத்துக்கா பஞ்சம்? கணபதி பக்கம் ஒரு சின்னப் பட்டறை. பெரியவர் ஒருத்தர் வேலையை எடுத்துக்கிட்டார், ஆனா ஒரே ஒரு நிபந்தனை: "ஹெட்டைக் கழட்டிக் கொண்டாங்க தம்பி. வண்டியில வச்சே டேப் அடிக்க மாட்டேன்." எனக்கு அப்போ எரிச்சலாத்தான் இருந்துச்சு. ஹெட்டை இறக்கினா டைமிங் செயினைக் கழட்டணும், புது கேஸ்கெட் போடணும். ஆனா அவர் சொன்னது நியாயம். டேப்புல கிரீஸ் தடவி வெட்டினா தூள் ஒட்டிக்கும்னு சொல்வாங்க. முக்கால்வாசி ஒட்டும். மிச்சம் கால்வாசி சிலிண்டர்ல விழுந்து சுவரைக் கீறும், இல்லேன்னா வால்வு சீட்டுல மாட்டும். இருபது வருஷத்துக்கு மேல ஓடின எஞ்சினுக்கு அந்த ரிஸ்க் வேண்டாம்.

வேலை முடிஞ்சதும் மூணு விஷயத்தை நீங்களே பாருங்க. புஷ் எரியற அறைக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது. நீட்டின மரை பழுக்கக் காய்ஞ்சா பொறி வர்றதுக்கு முன்னாடியே பெட்ரோல் பத்திக்கும். பிளக் வாஷர் உக்கார்ற முகம் சமமா இருக்கணும், ஏன்னா பிளக்கோட சூட்டுல பெரும்பங்கு வாஷர், மரை வழியாத்தான் ஹெட்டுக்குப் போகுது. அப்புறம், பிளக்கைக் கழட்டினா புஷ்ஷும் கூடவே வரக் கூடாது.

ஒரு விஷயத்துல மட்டும் முதல் மெக்கானிக் கட்சிக்கு நான் வந்துடறேன். பிளக் ஓட்டையிலிருந்து வால்வு சீட் பக்கம் விரிசல் ஓடியிருந்தா புஷ் போட்டுப் பிரயோஜனம் இல்லை. அப்போ ஹெட் மாத்தறதுதான் சரி. ஆனா அதைக் கழட்டிப் பார்த்துட்டுச் சொல்லணும். நின்ன இடத்துல இருந்தே சொல்லக் கூடாது.

சரி, நான் பண்ணின தப்பு என்ன? புதுப் பிளக்கை வாஷர் தொடுற வரைக்கும் கையால திருகிட்டு, ஸ்பேனரால அரைச் சுத்து கொடுத்தாப் போதும். பழைய பிளக்குல வாஷர் ஏற்கனவே நசுங்கியிருக்கும். அதுக்குப் பன்னெண்டுல ஒரு பங்கு சுத்துதான், அதாவது கடிகாரத்துல ஒரு மணிக்கும் ரெண்டு மணிக்கும் உள்ள தூரம். என் வண்டியில இருக்கற 10 மி.மீ. பிளக்குக்கு 10-லிருந்து 12 நியூட்டன் மீட்டர்தான் கணக்கு. பதினஞ்சு சென்டிமீட்டர் ஸ்பேனர் நுனியில ஏழெட்டு கிலோ அழுத்தம், அவ்வளவுதான். நான் கொடுத்தது ஒரு மூட்டை அரிசிக்கான பலம்.

இன்னும் ரெண்டு: எஞ்சின் ஆறின பிறகுதான் பிளக்கில கை வைக்கணும். மாட்டும்போது பிளக் தலையில ஒரு துண்டு பெட்ரோல் ட்யூபைச் சொருகி, அதைப் பிடிச்சுத் திருகுங்க. மரை கோணலா ஏறினா ட்யூப் வழுக்கிடும், ஹெட் பிழைச்சுக்கும்.

ஹெட்டை வாங்கும்போது பெரியவர் சொன்னார்: "வாஷர் நசுங்கற வரைக்கும் டைட் பண்ணினாப் போதும் தம்பி. நம்ம பயம் தீர்ற வரைக்கும் பண்ணக் கூடாது."

வண்டி இப்போ ஒரே உதையில ஸ்டார்ட் ஆகுது. மரை போன விஷயம் அப்பாவுக்குத் தெரியாது. அவர் இணையம் பக்கம் வர்றதில்லைங்கற தைரியத்துலதான் இதை எழுதறேன். தெரிஞ்சவங்க யாரும் போட்டுக் கொடுத்துடாதீங்க மக்களே!